நூத்தி அறுபத்தொண்ணாவது குச்சி

பாத்து, பாத்து உக்காருங்கம்மா, இது மேல சாஞ்சுறாதீங்க. பலகாரமெல்லாம் இல்ல, தெர்மாகோல் அட்டை. மேல பூராம் தீக்குச்சி ஒட்டியிருக்கு. பயப்படாதீங்க, மருந்து முக்காத வெறுங்குச்சி, பத்திக்காது. ஒரே ஒரு குச்சிக்குத்தான் மருந்து இருக்கு, அந்தக் கதைய அப்புறம் சொல்றேன். நீங்க ஜன்னல் பக்கம் தள்ளிப் போயிருங்க, நான் இந்த ஓரம் இருந்துக்கிறேன். எறங்கும்போது இதத் தூக்கிக்கிட்டு எறங்கணும்ல. விருதுநகர்தானே போறீங்க? நானும் அங்கதான். கல்வி ஆபீசுக்கு. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. கையோட விளக்கக் கடிதமும் எழுதிக் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. என்னைய! விளக்கம்!

நான் டீச்சர்மா. கணக்கு டீச்சர். செண்பகவல்லி டீச்சர்னு கேள்விப்பட்டதில்லையா? இல்லையா? நீங்க சாத்தூர்ப் பக்கம் இல்ல போல. சரி, இருக்கட்டும். எங்க ஸ்கூல்ல இருவத்திரண்டு வருஷமா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நான்தான். ஏழு ஹெச்.எம். மாறியாச்சு, புஸ்தகம் மாறியாச்சு, கட்டடத்தையே இடிச்சுக் கட்டியாச்சு. பத்து 'ஏ' மட்டும் என் கைய விட்டுப் போனதில்ல. போன மாசம் போயிருச்சு. இப்ப ஆறாம் வகுப்புக்கு எடுக்குறேன். ஒரு கொய்யாப்பழத்த நாலா நறுக்குனா ஒரு துண்டு எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். அம்பத்தஞ்சு வயசுல.

இன்னைக்குத்தான் முடிவு. பத்து 'ஏ' என்கிட்ட திரும்பி வருதா, இல்ல பரீச்ச வரைக்கும் அந்த ரூபன்கிட்டயே கெடக்கான்னு அந்த ஆபீசரம்மா இன்னைக்குச் சொல்லணும். நான் விடுறதா இல்ல. ஆதாரத்தோட போறேன்.

ரூபன் யாருன்னு கேக்குறீங்களா? அதான் புதுசா வந்த கணக்கு சாரு. போன ஜூன்ல வந்தாரு. வந்தாரு என்ன வந்தாரு, வந்தான்னே சொல்றேன், என் மகன் வயசுதான். தாடி, செருப்பு, தோள்ல ஒரு ஜோல்னாப் பை. பைக்குள்ள என்ன இருக்கும்னு நெனக்கிறீங்க? புஸ்தகமா? புளியங்கொட்டை! மெழுகுவத்தி, நூலு, டேப்பு, காலி பாட்டிலு. ஸ்டாஃப் ரூம்ல அதைக் கொட்டுனா காயலாங்கடை மாதிரி இருக்கும். "என்ன சார், யாவாரமா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். அவன்கிட்ட எனக்குப் பிடிக்காததே அந்தச் சிரிப்புத்தான். என்ன சொன்னாலும் சிரிப்பான். நம்மதான் பைத்தியக்காரி மாதிரி நிக்கணும்.

வந்த ரெண்டாவது வாரம், ஒம்பதாம் வகுப்புல ஒரே கூச்சல். என்னடா, பாம்பு கீம்பு பூந்துருச்சான்னு ஓடிப் போய்ப் பாத்தா, நடுவுல டி.வி. வந்த பெரிய அட்டப்பெட்டி. அதுக்குள்ள ஒரு பைய உக்கார வச்சிருக்கான். வெளிய இருந்து சீட்டுல மூணுன்னு எழுதி ஓட்டைல போட்டா, உள்ள இருந்து ஏழுன்னு சீட்டு வருது. அஞ்சு போட்டா பதினொண்ணு வருது. பத்து போட்டா இருவத்தொண்ணு. பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கணுமாம். அதுதான் ஃபங்ஷனாம். ஏம்மா, இதை நான் போர்டுல எஃப் ஆஃப் எக்ஸ் ஈக்வல் டு டூ எக்ஸ் ப்ளஸ் ஒன்னுன்னு ஒரே வரில எழுதிப் போட்டுட்டு, ரெண்டே நிமிஷத்துல அடுத்த கணக்குக்குப் போயிருவேன். இவனுக்கு ஒரு பீரியடு. கேட்டா, "புள்ளைங்க கையால தொட்டுப் பாக்கட்டும் டீச்சர்"ங்கான். கணக்க எதுக்குத் தொடணும்? கணக்கு என்ன கன்னுக்குட்டியா?

சரி, ஒம்பதாம் வகுப்புல என்ன கூத்து வேணும்னாலும் அடிச்சுக்கட்டும்னு விட்டேன். என் பத்து 'ஏ' பக்கம் வராம இருந்தாச் சரின்னு இருந்தேன். அங்கதான் நான் ஏமாந்தேன். கணித மன்றம்னு ஒண்ணு உண்டு. பதினாறு வருஷமா அதுக்கும் நான்தான் பொறுப்பு. கூட்டம் நடந்ததுக்கெல்லாம் நோட்டு பக்காவா இருக்கு. கூட்டம் நடக்கணும்னு என்ன இருக்கு, நோட்டு இருந்தாப் போதாதா? ஹெச்.எம். அந்த நோட்டத் தூக்கி ரூபன்கிட்டக் குடுத்துட்டாரு. உங்களுக்கு வேலப்பளு அதிகம் டீச்சர்ன்னாரு. நானும் தொல்ல விட்டுதுன்னு குடுத்துட்டேன். இவன் என்ன செஞ்சான்? நெசமாவே கூட்டம் போட ஆரம்பிச்சுட்டான். வெள்ளிக்கெழம கடைசி பீரியடு, எல்லா வகுப்புப் புள்ளைகளும் வரலாம்னு. என் வகுப்புல இருந்தும் போச்சுக.

எது போச்சுன்னு நெனக்கிறீங்க? என் தர்ஷினி போகல, விஷ்ணுபிரியன் போகல, சபிதா போகல. அதுகளுக்கு வெள்ளிக்கெழம என்கிட்ட சிறப்பு வகுப்பு. போனதெல்லாம் நடு பெஞ்சு. ஊமக்கோட்டானுங்க. வகுப்புல வாயத் தொறக்காததுக, அங்க போயி அந்த அட்டப்பெட்டி வெளயாட்டுல, "ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுது சார்"னு மொத ஆளாச் சொல்லுச்சாம் ஒண்ணு. குருட்டாம்போக்குல வந்திருக்கும்.

நடு பெஞ்சுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். இது தொழில் ரகசியம்மா, வெளிய சொல்லாதீங்க. என் வகுப்புல நாப்பது பேரு. எட்டு பெஞ்சு, பெஞ்சுக்கு அஞ்சு. மொத ரெண்டு பெஞ்சு என் சென்டம் புள்ளைக. நூத்துக்கு நூறு. அதுகள நான் விடவே மாட்டேன், கேள்வி மேல கேள்வி கேட்டு வறுத்து எடுத்துருவேன். கடைசி ரெண்டு பெஞ்சு ஃபெயிலு கேசு. அதுகளுக்கு கிராஃபும் வடிவியலும் மட்டும். எட்டும் எட்டும் பதினாறு மார்க்கு உறுதி, அதோட ஒரு மார்க்குக் கேள்வியச் சேத்து எப்படியாச்சும் முப்பத்தஞ்சுக்கு ஏத்திவிட்டுருவேன். எப்பேர்ப்பட்ட கழுதையையும். கருப்பையான்னு ஒருத்தன், ஸ்கேலத் தலகீழாப் பிடிப்பான். முப்பத்தெட்டு வாங்கிட்டான். இன்னைக்கும் எங்க பாத்தாலும் வண்டிய நிறுத்தி எறங்கிக் கும்புடுறான்.

நடுவுல இருக்குற நாலு பெஞ்சு தானா பாஸாயிரும். அம்பது, அறுபது வாங்கும், யாருக்கும் தொல்ல இல்ல. அதுக மேல எதுக்கு நேரத்த வீணாக்கணும்? போன வருஷம் நாலு சென்டம், நூறு சதவீதம் பாஸு. பேப்பர்ல போட்டாங்க. ஹெச்.எம். எனக்குச் சால்வ போத்துனாரு. அப்ப யாராச்சும் கேட்டாங்களா, டீச்சர் டீச்சர், நடு பெஞ்சு என்ன செஞ்சுச்சுன்னு? ஒரு ஆள் கேக்கல.

ஆர்.ஆர். நகரா இது? இன்னும் நேரம் இருக்கு.

இந்த ரூபன் மன்றத்துல புள்ளியியல் நடத்துறேன்னு ஆரம்பிச்சான். புஸ்தகத்துல அழகாக் கணக்கு இருக்கு. ஒரு தொழிற்சாலையில அறுபது பேரு, அவங்களோட வயசுன்னு அட்டவண போட்டுக் குடுத்திருக்கு. அதை வச்சு சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் போட்டுறலாம். இவன் என்ன சொல்லியிருக்கான், "புஸ்தகத்துல இருக்குறது வேண்டாம். நீங்களே கண்ணால பாத்து, நீங்களே எண்ணுனது மட்டும்தான் கொண்டாரணும். இருவது நாளு எண்ணுங்க"ன்னுருக்கான். உடனே ஊரே எண்ண ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தன் தீப்பெட்டி நாப்பது வாங்கி, ஒரு பெட்டிக்கு எத்தன குச்சின்னு எண்ணிக்கிட்டிருக்கான். ஒருத்தி ரோட்டுல போற ஆட்ட எண்ணுறா. ஹெச்.எம். பிரேயர்ல எத்தன நிமிஷம் பேசுறாருன்னு ஒருத்தன் வாட்ச வச்சுக்கிட்டு நிக்கிறான். நான் தலைல அடிச்சுக்கிட்டேன்.

அதுல ஒருத்தி என் வகுப்பையே எண்ணிட்டா.

ஆமாம்மா. என் வகுப்புல, என் கண்ணு முன்னாடி உக்காந்து, என்னையவே எண்ணியிருக்கா. நான் யாரைக் கேள்வி கேக்குறேன், யாரை போர்டுக்குக் கூப்புடுறேன்னு இருவது நாளு, நோட்டுக்குப் பின்னாடி கோடு போட்டு வச்சிருக்கா. எம்புட்டு அழுத்தம் பாருங்க. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குதாம். அங்க கழிச்சுப் போட்ட குச்சியக் கொண்டாந்து, ஒரு தடவ கூப்பிட்டா ஒரு குச்சின்னு இந்த அட்டைல ஒட்டியிருக்கா. இந்தா, பேப்பரைப் பிரிச்சுக் காட்டுறேன் பாருங்க. கீழ பெஞ்சு வாரியா அவங்கவங்க ரெஜிஸ்டர் நம்பர். இந்தப் பக்கம் ஒசரமா நிக்குதுல்ல, அது மொத ரெண்டு பெஞ்சு. தர்ஷினிக்குப் பதிமூணு. அந்தக் கடைசில இருக்குறது ஃபெயிலு கேசு. நடுவுல பாருங்க. வெறும் அட்ட. ஒண்ணு ரெண்டு குச்சி, அங்கொண்ணு இங்கொண்ணு. பன்னெண்டு பேருக்கு ஒண்ணுமே இல்ல. அவ நம்பர் முப்பத்தேழு. அவளுக்கும் ஒண்ணுமில்ல.

இதைப் போயி மன்றத்துப் பொருட்காட்சில வச்சிட்டான் அந்த ரூபன் பாவி. பெத்தவங்க வந்திருக்காங்க, ஆபீசரம்மா வந்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாட்டுக்குப் பட்டுச்சேல கட்டிக்கிட்டு, ஆபீசரம்மா பின்னாடியே போறேன். மெழுகுவத்தி நிமிஷத்துக்கு எத்தன மில்லிமீட்டர் கொறையுதுன்னு ஒரு கிராஃப். நல்லாருக்குன்னாங்க. தீப்பெட்டி எண்ணுனதப் பாத்தாங்க. நல்லாருக்குன்னாங்க. இதுக்கிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. "இது என்னம்மா?"ன்னாங்க. பக்கத்துல நின்ன அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுது, "ஒரு வகுப்புல இருவது நாள்ல யாரை எத்தன தடவ கூப்பிட்டாங்கன்னு மேடம். மொத்தம் நூத்தி அறுபது. நாப்பது பேரு. சராசரி நாலு." "நாலு நல்ல சராசரியாச்சே"ன்னாங்க ஆபீசரம்மா. அதுக்கு அது, "சராசரி நாலு மேடம், ஆனா நாலு தடவ கூப்பிட்ட ஆளு ஒருத்தர்கூட இல்ல"ங்குது.

பேசாம இருந்திருக்கலாம். அது யார் வகுப்புன்னு சொல்லல. அட்டைலயும் எழுதல, பேரு இல்ல, செக்‌ஷன் இல்ல. ரூபனும் வாயத் தொறக்கல. நான்தான், எனக்கு அந்தக் குச்சி வரிசையப் பாத்ததும் மண்டைக்கு ஏறிருச்சு. பதிமூணு குச்சி நிக்குறது என் தர்ஷினின்னு எனக்குத் தெரியாதா? "இது என் வகுப்பு! யாரக் கேட்டு எண்ணுன?"ன்னு கத்திட்டேன். அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. தர்ஷினியோட அம்மா பாத்துச்சு. எனக்குச் சால்வ போத்துன ஹெச்.எம். தரையப் பாத்தாரு. அவமானம்மா. அன்னைக்கு நான் வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியாது.

மூணாம் நாளு உத்தரவு. ஆறு வாரத்துக்கு பத்து 'ஏ' ரூபன் எடுக்கணும், அவன் எடுத்த ஆறாம் வகுப்ப நான் எடுக்கணும். பெறகு விளக்கம் எழுதிக்கிட்டு நேர்ல வரணும். ஆபீசரம்மா போன்ல தன்மையாத்தான் பேசுனாங்க. "தண்டன இல்ல டீச்சர், நீங்களே அந்த அட்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஒரு தடவ பாத்து யோசிச்சு எழுதுங்க"ன்னாங்க. தண்டன இல்லையாம்! சாத்தூர் பூராம் பேசுது, செண்பகவல்லி டீச்சரை ஆறாம் வகுப்புக்கு எறக்கிட்டாங்கன்னு.

எல்லாத்துக்கும் ரூபன்தான் காரணம். அவன்தான் அந்தப் புள்ளையத் தூண்டிவிட்டது. ஒரு பொட்டப்புள்ளைக்கு இந்த மூளயெல்லாம் தானா வருமா? நான் விடல, அவளக் கூப்பிட்டு வராண்டால நிக்க வச்சுக் கேட்டேன். "எவன் சொல்லிக் குடுத்தான்? உண்மையச் சொல்லு"ன்னேன். அவ சொல்றா: "யாரும் சொல்லல டீச்சர். நீங்க கேள்வி கேப்பீங்கன்னு நான் தெனமும் படிச்சிட்டு வருவேன். கேக்கல. நாளைக்குக் கேப்பீங்கன்னு மறுபடியும் படிச்சிட்டு வருவேன். அப்படியே பாத்துக்கிட்டிருந்தேன். அதான் எண்ணுனேன்."

திமிரு பாத்தீங்களா? மூஞ்சிக்கு நேரா. அழுதாலாச்சும் பரவால்ல, அழுகவும் இல்ல.

நீங்க என்னம்மா, அவ பக்கமா? ஒரு மாதிரிப் பாக்குறீங்க. சொல்லுங்க, கூப்பிடலைன்னா என்ன கொறஞ்சு போச்சு? நான் மட்டும் என்ன மொத பெஞ்சா? நான் படிக்கும்போது நாலாவது பெஞ்சு, சொவரு ஓரம். எங்க கணக்கு சாரு, பேரு எதுக்கு, செத்துப் போயிட்டாரு. ரெண்டு வருஷம் அவருகிட்டப் படிச்சேன். ஒரு தடவ கூப்பிட்டதில்ல. ஒரு தடவ. நானும்தான் தெனமும் கணக்குப் போட்டுட்டுப் போவேன். விரல் கூடத் தூக்கிப் பாத்தேன். அவரு கண்ணு என் மேல பட்டு அப்படியே தாண்டிப் போயிரும், அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி. அதுக்காக நான் குச்சியா ஒட்டிக்கிட்டிருந்தேன்? வீட்டுக்குப் போயி, ஒருநாள் பாவாடைல மூஞ்சிய மூடிக்கிட்டு... அதெல்லாம் எதுக்கு இப்ப. நான் தானா படிச்சு வந்தேன்ல? டீச்சர் ஆனேன்ல? அப்ப அதுகளும் தானா வரட்டும். யாரு வேண்டாம்னா?

விடுங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. நான் கண்டுபிடிச்சதச் சொல்லணும். இதுக்கு நாலு நாளு ஒக்காந்தேன்மா. பாடக் குறிப்பேடு, டைம் டேபிளு எல்லாத்தையும் பரப்பி வச்சுக்கிட்டு, அவ எண்ணுன இருவது நாளையும் ஒண்ணொண்ணா ஞாபகப்படுத்துனேன். ஒரு தப்பாச்சும் இருக்கும்னு எனக்குத் தெரியும். இவளுக என்ன பெரிய கம்ப்யூட்டரா? ஒரு தப்பு கெடச்சாப் போதும், மொத்த அட்டையும் பொய்யின்னு ஆயிரும். மொத ரெண்டு பெஞ்சப் பாத்தேன், சரியா இருக்கு. கடைசி ரெண்டு பெஞ்சு, அதுவும் சரி. என் எதிரிக்கும் இப்படி ஒரு கண்ணு வேண்டாம். மூணாவது நாளு எனக்கே சோர்ந்து போச்சு. சரி, தோத்தோம்னு நெனச்சேன்.

நாலாவது நாளு சிக்குனா.

ஆடி மாசம், ஒரு செவ்வாக்கெழம. நான் போர்டுல கிராஃப் போட்டுக்கிட்டிருக்கேன். ஆடிக் காத்து தெரியும்ல, நம்ம பக்கம் மண்ண அள்ளி மூஞ்சில வீசும். கிராஃப் பேப்பர் பூராம் வகுப்புல பறக்குது. நான் திரும்பி, ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தவகிட்ட, "ஏய், அந்த ஜன்னலச் சாத்து"ன்னேன். எந்திரிச்சுச் சாத்துனா. யாரு? முப்பத்தேழு! தர்ஷினிகிட்டக் கேட்டு உறுதி பண்ணிட்டேன். "ஆமா டீச்சர், அந்தப் புள்ளதான் சாத்துச்சு"ன்னா. அவ எண்ணுன இருவது நாளுக்குள்ளதான் வருது, பன்னெண்டாவது நாளு.

அப்ப நான் கூப்பிட்டேனா இல்லையா? கூப்பிட்டேன்! ஒரு தடவ கூப்பிட்டிருக்கேன். அதை ஏன் எண்ணல? அவளுக்குச் சாதகமா இல்லைன்னு மறச்சுட்டா. இதைத்தான் நான் ஆபீசரம்மாகிட்டக் கேக்கப் போறேன். பாருங்க, காலைல நானே பச போட்டு ஒட்டிக் கொண்டாந்திருக்கேன், இந்தா, முப்பத்தேழுக்கு மேல. எங்க வீட்டு அடுப்படிக் குச்சி, மருந்தோட இருக்கு, அதான் அது மட்டும் செகப்பாத் தெரியுது. இப்ப மொத்தம் நூத்தி அறுபத்தொண்ணு. நாப்பதால வகுங்க. நாலு புள்ளி பூஜ்யம் ரெண்டு அஞ்சு. சராசரி கூடிருச்சு!

அந்தப் புள்ளைய வராண்டால நிக்க வச்சுக் கேட்டேன்ல, அதையும் ஒரு குச்சியாச் சேக்கலாமான்னு பாத்தேன். ஆனா அது இருவது நாளுக்கு அப்புறம். நான் நேர்மையான ஆளு. விட்டுட்டேன்.

விளக்கக் கடிதமும் எழுதியாச்சு. மூணு பக்கம். வாசிக்கட்டுமா? சுருக்கமா வாசிக்கிறேன். "மதிப்பிற்குரிய அம்மையீர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பின் ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அழைத்து, தனிக் கவனம் செலுத்தி வரும் எனது பணியில்..." இது மொத பக்கம். ரெண்டாம் பக்கத்துல ரூபனப் பத்தி. புளியங்கொட்ட, அட்டப்பெட்டி எல்லாம் சொல்லி வெளுத்து வாங்கியிருக்கேன். மூணாம் பக்கம்தான் முக்கியம். "மேற்படி அட்டையைத் தயாரித்த மாணவி..." இங்க, இந்த எடத்துல கொஞ்சம் எடம் விட்டிருக்கேன் பாருங்க, பேரு போடணும். "...என்பவர் உண்மைக்குப் புறம்பாகத் தன்னை ஒருமுறைகூட அழைக்கவில்லை எனப் பதிவு செய்துள்ளார்."

பேருதான் வரமாட்டேங்குது. ரெஜிஸ்டர் கிளாஸ் டீச்சர்கிட்ட இருக்கு, அவரு லீவு. தர்ஷினியக் கேட்டா, "அந்த அமைதியான புள்ள டீச்சர்"ங்குறா, அவளுக்கும் தெரியல. நேத்து வேற வழி இல்லாம ரூபன்கிட்டயே கேட்டேன். ஸ்டாஃப் ரூம்ல, மூஞ்சியப் பாக்காமத்தான் கேட்டேன். டக்குனு சொன்னான், இனிஷியலோட. எந்தத் தெரு, தங்கச்சி எந்த வகுப்புன்னு எல்லாம் சொல்றான். எதுக்கு இவன் இதெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்? என்னையக் கவுக்கணும்னுதானே? எனக்கு எரிச்சல்ல அப்ப எழுதிக்கத் தோணல. காலைல பஸ்ஸு ஏறுற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு. மகேஸ்வரியா? மாலதியா? அந்த மாதிரிதான் என்னமோ. நாக்கு நுனில நிக்குது.

தர்ஷினி பேரு மறந்திருமா எனக்கு? எஸ். தர்ஷினி. கே. விஷ்ணுபிரியன். கருப்பையா எந்த வருஷம், எத்தன மார்க்கு, கேளுங்க சொல்றேன். இந்தப் புள்ள பேரு மட்டும் நிக்கல. அவ மூஞ்சிகூட இப்பக் கண்ண மூடுனா வரமாட்டேங்குது. சட, ரெண்டு ரிப்பன், அம்புட்டுத்தான் தெரியுது. நடு பெஞ்சு அப்படித்தான்மா, என்ன செய்ய.

வச்சகாரப்பட்டி தாண்டியாச்சா? அய்யய்யோ, வந்திரும். பேனா இருக்கா உங்ககிட்ட? குடுங்க. சனியன், பஸ்ஸு குலுக்குற குலுக்குல... பேரு எதுக்கு, நம்பர் போட்டா ஆபீசுக்குப் புரியாதா? "மேற்படி அட்டையைத் தயாரித்த மாணவி முப்பத்தேழு என்பவர்." இதுவே தெளிவாத்தான் இருக்கு. அவ்வளவுதான், முடிஞ்சது. பத்து 'ஏ' எனக்குத் திரும்பி வரலைன்னா பாருங்க.

ஆத்தாடி, பேப்பரு பறக்குது, பிடிங்க, பிடிங்க! என்னமோ சொல்ல வந்தீங்களே, பஸ்ஸு கெளம்புனதுல இருந்து வாயெடுக்குறீங்க, அப்புறம் சொல்லுங்க. மொதல்ல அந்த ஜன்னலச் சாத்துங்க.